தொரசாணி சம்மந்தியான கதை

காஞ்சிபுரத்தில் பிரசவ லேகியம் என்றால் அது என் லேகியம்தான். மற்றவர்களும் கிண்டுகிறார்கள். கிண்டட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி. மீதிப் பாதிக்குள் என்னைப் பட்டு இழைக்க உட்கார்த்தி விட்டார்கள். அப்படிப்பட்டவள் இன்று கடைத்தெருவில் நடந்தால் நாட்டு மருந்துக்கடைக்காரர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வருகிறார்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. உண்மை அப்படி அமைந்துவிட்டது, நான் என்ன செய்யட்டும்?

லேகியத்துக்கு முன்னால் எனக்கு ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. என் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வேன். வாசல் பலகையில் அயர்லாந்திலிருந்து வந்த டாக்டரம்மாவின் பேர் எழுதியிருந்தது, அது வேறு விஷயம். பலகையை யார் படித்தார்கள்? ஊருக்கு என்னைத்தான் தெரியும். பர்மாவுக்குப் போன என் வீட்டுக்காரர் அங்கேயே இன்னொரு குடும்பம் கட்டிக்கொண்டார் என்று சேதி வந்த வாரம், பெருக்கித் துடைக்கும் வேலைக்கு நான் அங்கே சேர்ந்தேன். மூன்றாம் மாதமே டாக்டரம்மாவுக்கு வலது கை நான்தான். இடது கை ஒரு நர்சம்மா. அவர் அதிகம் பேச மாட்டார். நான் இருந்ததால் பேச இடமும் கிடைக்கவில்லை.

பெரிய காஞ்சிபுரத்துக்கும் சின்ன காஞ்சிபுரத்துக்கும் நடுவே ஒரு வாடகை வீடு. அதில் எட்டுக் கட்டில்கள். எட்டும் காலி. பிரசவம் பார்ப்பதற்கென்றே கடல் தாண்டி வந்த டாக்டரம்மாவிடம், புண்ணுக்குக் களிம்பு வாங்கத்தான் ஜனங்கள் வந்தார்கள். ஒரு கட்டிலுக்கு மேலே விட்டத்தில் குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. அந்த ஆஸ்பத்திரியில் நடந்த முதல் பிரசவம் அதுதான். வாசலில் ஜட்கா நிற்கிற சத்தம் கேட்டால் நான் ஓடிப்போய் ஒரு கட்டிலில் படுத்து முனகுவேன். கட்டிலில் ஆள் இருந்தால்தானே வருகிறவர்களுக்கு நம்பிக்கை வரும்! வியாபாரம் எனக்கு அப்போதே கை வந்துவிட்டது.

டாக்டரம்மாவிடம் ஒரே ஒரு குறை, அவருடைய தமிழ். சின்ன காஞ்சிபுரத்து வைஷ்ணவப் பண்டிதர் ஒருவர் அவருக்கு முன்ஷியாக வந்து தமிழ் சொல்லிக்கொடுத்தார். பெருமாளிடம் பேசுகிற தமிழையே அவர் இவருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார். உட்காரச் சொல்ல "எழுந்தருளுங்கள்" என்பார். படுக்கச் சொல்ல "பள்ளிகொள்ளுங்கள்" என்பார். சாப்பிட்டாயா என்று கேட்க "அமுது செய்தாயிற்றா?" என்பார். வயிற்றுவலியோடு வந்த மீன்காரி ஒருத்தி, "ஐயோ, தொரசாணி என்னியப் பெருமாளாக்கிட்டாங்கோ!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள். வலி ஓட்டத்திலேயே சரியாகிவிட்டது போல, திரும்பி வரவில்லை. அதனால் தமிழை எடுத்துத் தமிழில் சொல்வதே என் முக்கிய உத்தியோகமாகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒருநாள் ஆள் வந்தது. நாலு தறி ஓடுகிற வீடு. அந்த வீட்டு அம்மாளுக்குக் கட்டைவிரலில் நகச்சுத்தி. அறுந்த பட்டிழையை முடிச்சுப் போட முடியவில்லை, வேலை நின்றுபோயிற்று. டாக்டரம்மாவும் நானும் போனோம். அந்த அம்மாள் விரலில் ஓர் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வேப்பிலை இல்லாத மாரியம்மன் மாதிரி இருந்தார்.

"அம்மணி, கரத்தை ஈந்தருளுங்கள்" என்றார் டாக்டரம்மா.

"இன்னாடி கேக்குது இது?" என்றார் அந்த அம்மாள் என்னிடம்.

"கைய நீட்டு யக்கா, அவ்ளோதான்."

நீட்டினார். டாக்டரம்மா எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி என் கையில் தந்துவிட்டு ஒரே கீறல் கீறினார். அந்த அம்மாள் போட்ட கூச்சலில் உள்ளே நாலு தறியும் நின்றன. வலி போனதும் கூச்சலும் போயிற்று. "அட, நல்லாத்தான் கீது" என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

டாக்டரம்மாவின் கண் அதற்குள் விரலை விட்டுவிட்டுச் சுவரோரம் போய்விட்டது. அங்கே ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள் அந்த வீட்டு மருமகள். எட்டாம் மாதம். ஆள் கையகலம், வயிறு மட்டும் ஊரகலம். மாகறல் பக்கத்துப் பெண். சின்ன வயதிலேயே தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். கல்யாணத்தை முடித்த கையோடு மாமன்காரனும் ஊரை விட்டுப் போய்விட்டான். டாக்டரம்மா அவளைப் பாயில் பள்ளிகொள்ளச் சொன்னார். வயிற்றைத் தொட்டார், அழுத்தினார், மரக்குழாயை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டார். முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது. தலை கீழே வர வேண்டிய குழந்தை மேலே, விலாவுக்கடியில் தலையை வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பெண்ணுக்கோ இடுப்பெலும்பு குறுகல். வெளியிலிருந்தே கையால் மெதுவாகத் திருப்பினார். திரும்பியது. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், மறுபடியும் பழைய இடத்திலேயே சவுக்கியமாக உட்கார்ந்திருந்தது.

"இவள் மருத்துவமனையில்தான் ஈன வேண்டும். இல்லத்தில் ஈன்றால் தாயும் சேயும் இருவருமே தங்கமாட்டார்கள்" என்றார் டாக்டரம்மா.

இதற்கு நான் மொழிபெயர்ப்புச் சொல்லவில்லை. எல்லோருக்குமே புரிந்துவிட்டது. ராட்டை நின்றது.

மாமியார் அம்மாள் கல்நெஞ்சக்காரி இல்லை. ஆனால் முறை என்று ஒன்று வந்துவிட்டால் அவரை அசைக்க யானை வேண்டும். "தலைப்பிரசவம்னா பொண்ணு தாய் வூட்டுக்குப் போவணும். இவளுக்குத் தாய் வூடு இல்ல. சரி, என் வூட்லயே நடக்கட்டும். ரெண்டும் இல்லாம நடுவுல ஆஸ்பத்திரி இன்னாத்துக்கு? கேக்குறவங்க இன்னா கேப்பாங்க? மாமியாக்காரி மருமவள தர்ம சத்திரத்துல தள்ளிட்டான்னு கேப்பாங்க."

டாக்டரம்மா எலும்புக் கணக்கு சொன்னார். அந்த அம்மாள் ஊர்க்கணக்கு சொன்னார். நான் இடையில் நின்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். பெண் மூலையில் உட்கார்ந்து இருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உயிரைப் பற்றித்தான் பேச்சு, அவளை யாரும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குள் ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. பதினாறு வருஷம் படித்தவருக்கு வரவில்லை, எனக்கு வந்தது. என் மூளை அப்படி.

"யக்கா, தாய் வூடு இல்லன்னுதானே சொல்ற? இதோ நிக்கிறாங்களே, இவங்கதான் இவளுக்குத் தாய். ஆஸ்பத்திரிதான் தாய் வூடு. முடிஞ்சுதா?"

அந்த அம்மாள் டாக்டரம்மாவைத் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரைக்கும் பார்த்தார். "இவங்களுக்குப் புருசன் எங்க?"

டாக்டரம்மா பொய் பேச மாட்டார். "எனக்கு மணம் ஆகவில்லை" என்றார்.

"கல்யாணமே ஆவாம இம்மாம் பெரிய பொண்ணப் பெத்துக்கினாங்களா!"

உள்ளே தறிக்குழியிலிருந்து யாரோ சிரித்தார்கள். நான் விடவில்லை. "நம்ம காமாட்சி மட்டும் இன்னா? புருசன் அங்க ஏகாம்பரத்துல, இவ இங்க தனியாத்தானே குந்திக்கினு கீறா? ஊருக்கே தாயா இல்ல? நீ போய்க் கும்புடல?"

காமாட்சியை இழுத்த பிறகு பிள்ளையார்பாளையத்தில் யார் எதிர்த்துப் பேச முடியும்?  அந்த அம்மாளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மருமகள் வந்த நாளிலிருந்து சண்டை போட ஒரு சம்மந்தி இல்லையே என்று அவருக்கு உள்ளுக்குள் ஏக்கம் இருந்திருக்க வேண்டும்.

"தாய் வூடுன்னா தாய் வூடு மாதிரி நடந்துக்கணும். வளைகாப்புக்கு அஞ்சு வகைச் சோறு கட்டிக்கினு வரணும். தாம்பாளம் வரணும். சம்மந்தி பட்டுப்பொடவை கட்டிக்கினு வரணும், இந்த வெள்ள அங்கியோட வந்தா வாசப்படி தாண்ட வுட மாட்டேன். ஒண்ணு கொறஞ்சாலும் பொண்ண அனுப்ப மாட்டேன்."

டாக்டரம்மா நிமிர்ந்து நின்று, "யான் இவளுக்குத் தாயாக இசைகின்றேன்" என்றார். அந்தப் பெண் விசும்பி விசும்பி அழ ஆரம்பித்தாள். எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்தது. நூல் தூசி பறக்கிற வீடு, அப்படித்தான்.

வளைகாப்பு நாளன்று நான் பட்ட பாடு ராஜாக்கள் பட்டிருக்க மாட்டார்கள். ஐந்து வகைச் சோற்றில் நாலு நான் சமைத்தது. புளிச்சோற்றை மோந்து பார்த்துவிட்டே தெருவில் பாதிப் பேர் பின்னால் வந்தார்கள். ஐந்தாவதைத் தாயே தன் கையால் செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா பிடிவாதம் பிடித்தார். அரிசி, பால், சர்க்கரை எல்லாம் சேர்த்து, மேலே தணல் போட்டு ஏதோ அவர்கள் ஊர்ப் பண்டம் செய்தார். மேல்பக்கம் கருகியிருந்தது. அப்படிக் கருகத்தான் வேண்டுமாம்!

புடவை கட்டியது தனிக் கதை. டாக்டரம்மா பனைமரம் உயரம். காஞ்சிபுரத்துப் பட்டே அவருக்கு முழங்காலுக்கு எட்டியும் எட்டாமலும் நின்றது. நான் கொசுவம் வைக்க வைக்க அவர் நடந்து அவிழ்த்தார். கடைசியில் இடுப்பில் காயத்துக்குச் சுற்றுகிற கட்டுத்துணியை நாலு சுற்றுச் சுற்றி, அதில் புடவையைச் செருகி, ஊக்கு மேல் ஊக்காகக் குத்தினேன். "மூச்சு விடல் அரிதாக உள்ளது" என்றார். "தாய்னா அப்படித்தாம்மா" என்றேன். தொப்பியை மட்டும் கழற்ற மறுத்துவிட்டார், வெயில் ஒத்துக்கொள்ளாதாம். பட்டுப்புடவை, தொப்பி, பூட்ஸ். முன்னால் நான், பின்னால் தாம்பாளத்தோடு நர்சம்மா. வழியில் இருந்த தறியெல்லாம் நின்றுபோயிற்று. அன்றைக்கு ஊர் நஷ்டத்துக்கு நாங்கள்தான் பொறுப்பு.

வாசலில் மாமியார் அம்மாள் தலை முதல் கால் வரை ஆராய்ந்தார். குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. "பொடவ நம்ம தறியில நெய்ஞ்சதில்ல" என்றார் கடைசியில். பிறகு கருகிய பண்டத்தை ருசி பார்த்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "அக்காரவடிசிலு. அடி புடிக்கிறதுக்குப் பதிலா தலை புடிச்சிருக்குது."

அடுத்து வளையல். பெண்ணுக்குக் கை வீங்கியிருந்தது. வளையல்காரம்மாள் இரண்டு வளையலை உடைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். உடைந்தால் சகுனம் சரியில்லை என்று மூலையில் முணுமுணுப்பு எழுந்தது. மாமியார் அம்மாளின் புருவம் ஏறியது. எங்கே மனம் மாறிவிடுவாரோ என்று நான் உடைந்த துண்டுகளை அவசரமாக முந்தானையில் பொறுக்கினேன். டாக்டரம்மா பையிலிருந்து கார்பாலிக் சோப்பை எடுத்தார். தண்ணீர் கேட்டார். பெண்ணின் கையைச் சோப்புப் போட்டு நுரைக்க வைத்து, கட்டைவிரலை உள்பக்கம் மடக்கி, வளையலை லேசாகத் திருகினார். வழுக்கிக்கொண்டு போய் மணிக்கட்டில் உட்கார்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கையும் நிறைந்தது, ஒரு கீறல் இல்லை. வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. வளையல்காரம்மாள் சோப்பை எடுத்து மோந்து பார்த்து, "எந்தக் கடையில விக்குது யம்மா?" என்று கேட்டார்.

"குறுகிய வழியில் பெரியதைக் கொண்டு வருவதே என் தொழில்" என்றார் டாக்டரம்மா. இதை நான் உரக்க மொழிபெயர்த்தேன். கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முணுமுணுப்பு நின்றது. ராகுகாலம் கழிந்ததும் பெண்ணை ஜட்காவில் ஏற்றினோம்.

அன்றிலிருந்து மாமியார் அம்மாள் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தார், சம்மந்தி வீட்டைக் குறை சொல்ல. கட்டில் உயரம். ஜன்னலில் காற்று ஜாஸ்தி. ரசத்தில் மிளகு கம்மி. ரசம் நான் வைத்தது, அதனால் அது அபாண்டம். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பொறுத்தருளுங்கள் சம்மந்தி" என்பார். முன்ஷி புதிதாகச் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது, நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மத்தியானம், நல்ல வெயிலில் வலி கண்டது. குழந்தை தன் பிடிவாதத்தை விடவில்லை. பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டே வந்தது. காலும் உடம்பும் வந்தன. தலை மட்டும் நின்றுவிட்டது. நான் பெண்ணின் தோளைத் தாங்கிக்கொண்டு காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதராஜர் என்று பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் வித்தியாசம் பார்க்காமல் எல்லோரையும் கூப்பிட்டேன். நர்சம்மாவுக்கு முகம் வெளுத்தது. வாசலில் மாமியார் அம்மாள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா மட்டும் இழுக்கவில்லை, பதறவில்லை. குழந்தையின் உடம்பைக் கைமேல் ஏந்திக்கொண்டு, இரண்டு விரலை உள்ளே விட்டுத் தலையைக் குனிய வைத்தபடி காத்திருந்தார். வலி வந்ததும் குரல் கொடுத்தார்: "முக்குவீராக அம்மணி! மகிழ்ந்து முக்குவீராக!"

அந்த நிலைமையிலும் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மகிழ்ந்தா!" என்று கேட்டு அழுகையும் சிரிப்புமாக ஒரு குலுங்கு குலுங்கினாள். தலை வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் தலை வந்தது என்பது என் கட்சி. இல்லை, தன் விரலில்தான் வந்தது என்பது டாக்டரம்மாவின் கட்சி. அவர் ஊருக்குத் திரும்பும்வரை இந்த வழக்குத் தீரவில்லை.

குழந்தை முதலில் அழவில்லை. டாக்டரம்மா வாயைத் துடைத்து, ஊதி, முதுகைத் தேய்த்தார். பிறகு அழுதது பாருங்கள், விட்டத்துக் குருவியெல்லாம் பறந்துபோயிற்று. பெண் குழந்தை. மாமியார் அம்மாள் உள்ளே வந்து முதலில் மருமகளின் முகத்தைத் தடவினார். பிறகு குழந்தையைப் பார்த்தார். "மூக்கு எங்க வூட்டு மூக்கு. நல்ல வேளை, தாய் வூட்டு மூக்கு வரல" என்றார் டாக்டரம்மாவின் நீள மூக்கைப் பார்த்துக்கொண்டே.

தீட்டு கழிந்ததும், தாயும் சேயும் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சந்தோஷமாகச் சொன்னார். மாமியார் அம்மாள் அதிர்ந்துபோனார்.

"இன்னா சம்மந்தி பேசுற? எந்தத் தாய் வூட்ல பத்து நாள்ல பொண்ண வெரட்டுவாங்க? மூணாம் மாசம்தான் கொண்டாந்து வுடணும். ஊரு காறித் துப்பும்!"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். முறை முறைதானே!

மூன்று மாதம் அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வியாதி இல்லை, வெக்கை இல்லை, கட்டிலில் மகாராணி மாதிரி இருந்தாள். மாமியார் அம்மாள் ராட்டையையும் பட்டு நூலையும் அனுப்பிவிட்டார். வராந்தாவில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டே குழந்தையைக் காலில் போட்டு ஆட்டினாள். என் கையால் தின்று கன்னம் இரண்டும் உப்பிவிட்டன. கையகல ஆளாக வந்தவள், மூன்றாம் மாதம் கதவை முழுசாகத் திறந்தால்தான் வெளியே வர முடிந்தது. சந்தைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் நின்று, "தொரசாணி பொண்ணு இதுதானா? செத்துப்போவான்னாங்களே, எப்டி கீறா பாரு!" என்று பார்த்துவிட்டுப் போனார்கள். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து முழுகாமல் இருக்கும் ஒருத்தி வந்தாள். அவளுக்குத் தாய் உயிரோடுதான் இருக்கிறாள், ஆனால் இங்கே ரசம் நன்றாக இருக்கிறதாம். மற்றக் கட்டில்களும் நிரம்ப ஆரம்பித்தன. எனக்கு முனக நேரமும் இல்லை, படுக்கக் கட்டிலும் இல்லை.

மூன்றாம் மாதம் கொண்டுபோய் விட்டோம். தொட்டில், தாம்பாளம், பட்டுப்புடவை, தொப்பி, ஊக்கு எல்லாம் மறுபடியும். குழந்தையை மாமியார் அம்மாளின் கையில் கொடுக்கும்போது டாக்டரம்மா அழுதுவிட்டார். தன் ஊரில் ஆயிரம் குழந்தையைக் கண்ட மனுஷி, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். அந்த அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

"இன்னாத்துக்கு அழுவுற சம்மந்தி? எட்டு வெச்சா வர்ற தூரம். அடுத்த வருசமே இன்னொண்ணுக்கு அனுப்பி வெக்கிறேன், போதுமா?"

டாக்டரம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. "அடுத்த ஆண்டா? கூடாது! இவள் உடல் தேற வேண்டும். மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும். மூன்று!" என்று விரலைக் காட்டினார்.

"அத என்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? அதோ என் புள்ள உள்ள தறியில குந்திக்கினு கீறான், அவன்கிட்ட சொல்லு."

நான் தடுக்கப் போனேன். ஆனால் டாக்டரம்மா பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே நடந்தார். அந்தப் பையன் தறிக்குழியில் இடுப்புவரை இறங்கி உட்கார்ந்திருந்தான். மடிக்கு மேலே பாவு நூல், முன்னால் பலகை. அவசரத்துக்கு எழுந்து ஓட முடியாத இடம். பனைமர உயரம் அவன் பக்கத்தில் மடங்கி உட்கார்ந்தது. "மாப்பிள்ளாய், செவி சாய்த்தருளுங்கள்" என்று ஆரம்பித்தது. நூல் ஓட்டுகிற நாடா அவன் கையிலிருந்து நழுவிக் குழிக்குள் விழுந்தது. அவன் அதை எடுக்கிற சாக்கில் குனிந்தவன்தான், நிமிரவே இல்லை.

சேலைக்கு முன்பணம் கொடுக்க வந்த கடைக்காரர் ஒருவர் உள்ளே நுழையப் பார்த்தார். மாமியார் அம்மாள் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலை மறித்தார்.

"செத்த நில்லுங்கோ. சம்மந்தி மாப்பிள்ளகிட்ட பேசிக்கினு கீறாங்கோ."